அணைத்த பிறகு

புந்தா அரேனாஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
தகரக் கொட்டகையின் கதவு இரண்டையும் திறந்து
கயிறு போட்டுக் கட்டிவிட்டுத்தான்
பெட்ரோல் குழாயில் கை வைத்தேன்.
தீயணைப்பான் என் வலது காலோரம்.
யெர்கோவின் சிகரெட் பெட்டி
என் கோட்டுப் பையில், பறிமுதல்.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்துச் சுபாரு.
காலையில் பன்னிரண்டு தடவை இருமித்தான் எழும்பும்.
எழுந்ததும் பின்னால் கறுப்பாய் ஒரு மூச்சு.
"உனக்கு ஆக்சிலேட்டரை மிதிக்கத் தெரியவில்லை, தானிட்சா"
என்பான் யெர்கோ, என் தம்பி,
நண்டுப் படகுகளின் எஞ்சினுக்கு வைத்தியம் பார்ப்பவன்.
"பம்ப் போய்விட்டது" என்றவனும் அவன்தான்,
அதே வாரம், அதே வாய்.
புதுப் பம்பின் விலை
ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்பது இரவு.

ஒன்பது இரவை விற்பதற்கு முன்
அளந்து பார்த்துவிடலாம் என்றேன்.
காய்ச்சல் என்று வருகிறவருக்கும்
முதலில் தெர்மாமீட்டர்தானே.

பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு
எஞ்சினை ஓடவிட்டேன்.
குழாயில் மிச்சமிருந்ததைக் குடித்துத் தீர்த்து
திக்கித் திக்கி நின்றது.
அப்படியும், துணி சுற்றி
ஃபில்டரின் தலையிலிருந்து குழாயைக் கழற்றியபோது
ஒரு மடக்கு வழிந்து மணிக்கட்டைச் சுட்டது,
குளிரால்.
இடையில் மூன்று வாய்ப் பித்தளைத் துண்டு,
அதன்மேல் இரவல் கேஜ்,
கிளாம்ப், கிளாம்ப், இன்னொரு கிளாம்ப்.
ஃபியூஸ் தன் வீட்டுக்குத் திரும்பியது.
சாவி.
பின்பக்கம் டாங்குக்குள் பம்ப் முனகியது.
இணைப்புகளை விரலால் தடவி
விரலை மோந்து பார்த்தேன்.
ஒழுகல் இல்லை.

இரண்டரை.
கையேட்டில் இருப்பதும் இரண்டரைதான்;
ஆனால் எஞ்சின் சும்மா ஓடும்போது
இரண்டுக்கு இறங்கியாக வேண்டும்.
இறங்கவில்லை.
கண்ணாடியைச் சுண்டினேன், இறங்கவில்லை.

அணைத்தேன்.
இனிமேல்தான் சோதனையே.
ஓடும்போது எல்லாமே நல்ல பெயர் வாங்கும்.

ஐந்தாம் நிமிடம் இரண்டு.
பத்தாம் நிமிடம் ஒன்றே கால்.
அலை அட்டவணையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.
இருபதில் எழுத எதுவும் இல்லை.
மறுபடி ஏற்றி,
டாங்கிலிருந்து வரும் குழாயை நெரித்தேன்,
திரும்பிப் போகும் குழாயையும் நெரித்தேன்.
வரவும் இல்லை செலவும் இல்லை,
முள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.
"பம்ப் இல்லை, பார்த்தாயா?"
யெர்கோ பார்த்துக்கொண்டிருந்தது பேட்டரியை.
டார்ச் அவன் கையில்;
ரெகுலேட்டரை நோக்கி நான் குனியும்போதெல்லாம்
வெளிச்சம் ஒரு சாண் விலகியது.

டார்ச்சை வாங்கிக்கொண்டேன்.

ரெகுலேட்டரின் தலையிலிருந்து போகும் மெல்லிய குழாய்,
காற்று மட்டுமே போகவேண்டிய வழி.
நடுவில் கெட்டியாக ஏதோ.
மேலே நீல டேப்,
படகுக்காரர்கள் சுற்றுகிற டேப்.
அறுத்தேன்.
பெட்ரோலில் ஊறிய மரத்திருகாணி ஒன்று
என் உள்ளங்கையில் விழுந்தது,
தன் புரி வழியே இத்தனை நாளும்
சொட்டுச் சொட்டாய்க் கசியவிட்டுக்கொண்டு.

"போன ஜூன்" என்றான்.
"உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது. பார்ட் வரவில்லை.
உனக்கு அன்று இரவு டியூட்டி.
தற்காலிகமாகத்தான்..."

பதினான்கு மாதம்.
பதினான்கு மாதமாக என் கால்தான் சரியில்லை.

சிகரெட் பெட்டியைக் கொடுத்தேன்.
தெருமுனைவரை போய்ப் பற்றவை என்றேன்.
போனான்; அந்தக் காற்றில்
எத்தனை தீக்குச்சி செலவானதோ.

நாளை பஸ்.
ஆறு மணிக்கு ஜலசந்தி முழுவதும் முகத்துக்கு நேரே வரும்.
யூனிஃபார்ம் பையில் தெர்மாமீட்டரோடு
திருகாணியும் இருக்கட்டும்.
துடைத்தாயிற்று.
இன்னும் நாறுகிறது.